‘சோல்ஜர்ஸ் ஜாய்’: எந்தப் பாடாந்தரம் அசல்?

உங்கள் மகளுக்குப் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் கொடுத்த தாளில் ‘சோல்ஜர்ஸ் ஜாய், அமெரிக்க ஃபிடில் மெட்டு’ என்று அச்சாகியிருக்கிறது. யூடியூபில் ஒருவர் இது ஸ்காட்லாந்து மெட்டு என்கிறார். இன்னொருவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு விஸ்கியும் மார்ஃபினும் கலந்து கொடுத்தார்களே, அந்தக் கலவைதான் இந்தச் ‘சிப்பாயின் சந்தோஷம்’ என்கிறார். நீங்கள் கேட்ட ஆறு பதிவும் ஆறு விதமாக இருக்கின்றன. எது அசல், எதை வீட்டில் சொல்லிக் கொடுப்பது, பதினொரு வயதுப் பிள்ளை இதை வாசிக்கலாமா, மேற்கத்திய மெட்டுகளுக்குத் தீட்சிதர் வரிகள் எழுதினாரே, அந்த நோட்டுஸ்வரங்களில் இதுவும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நான்கு என்றாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான்: பாடாந்தரம், அதாவது ஒரே மெட்டின் வெவ்வேறு வடிவம், இத்தனை இருக்கும்போது எதை நம்பிக் கையை வைப்பது? அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சின்ன வயதிலிருந்து கர்நாடக வயலின் கற்றவன். வேலைக்காக வட கரோலைனாவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் உள்ளூர் ஃபிடில்காரர்களோடு (ஃபிடில் என்பது வயலின்தான், நாட்டார் இசையில் அப்படிச் சொல்வார்கள்) வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறேன். நான் ஆய்வாளன் இல்லை. பழைய தொகுப்புகளைப் புரட்டியிருக்கிறேன், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதால் பிடித்திருக்கிறேன். கீழே சொல்வதில் உறுதியானது எது, ஊர் வழக்கு எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் மெட்டையே பார்ப்போம். அது தெரிந்தால்தான் ஆறு பதிவிலும் மாறாதது எது என்று காதுக்குப் பிடிபடும். டி மேஜரில் வாசிப்பார்கள். டி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். நான் கற்ற வடிவில் முதல் பகுதி இப்படிப் போகும்: ‘ப க ஸ க, ப க ஸ க’ என்று ஒரு ஓட்டம், உடனே பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரு தாவல், அங்கே இரண்டு அடி. மறுபடி அதே ‘ப க ஸ க, ப க ஸ க’, இந்த முறை மேலே போகாமல் ‘ம, ரி, ரி’ என்று இறங்கி நிற்கும். ஒரு கேள்வி, ஒரு பதில். இரண்டாம் பகுதி மேல் ஸ்தாயிக்குப் போய்விடும்: ‘க, க ம க ரி ஸ க’ என்று மேல் காந்தாரத்தைச் சுற்றி ஒரு சொல், அப்படியே ஒரு படி இறங்கி ‘ரி, ரி க ரி ஸ நி ரி’ என்று ரிஷபத்தைச் சுற்றி அதே சொல். ஒவ்வொரு பகுதியும் நம் கணக்கில் இரண்டு ஆதி தாள ஆவர்த்தனம், அதாவது பதினாறு அடி. இரண்டையும் இரண்டிரண்டு முறை வாசித்தால் எட்டு ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று முடியும். ஆட்டத்துக்கு வாசிக்கும் வேகத்தில் இது அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. பத்து நிமிஷ ஆட்டத்துக்குப் பதினெட்டு தடவையாவது திரும்பத் திரும்ப வரும்.

இந்தப் பதினெட்டு தடவையை மறந்துவிட வேண்டாம். ஆடுகிறவர்களின் காலுக்காகப் பிறந்த மெட்டு இது. வாசிப்பவருக்குக் கை வலிக்கும், அலுக்கும், அதனால் ஏழாவது சுற்றில் ஒரு ஸ்வரத்தை விடுவார், ஒன்பதாவதில் ஒன்றைச் சேர்ப்பார். ஆட்டம் நிற்காதவரை யாரும் கேட்கப் போவதில்லை. பாடாந்தரங்கள் பெருகியதற்கு நான் அறிந்த முதல் காரணம் இதுதான்.

இப்போது வயது. கையில் எடுத்துக் காட்டக்கூடிய அச்சுச் சான்று 1770களின் இறுதியில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோஷுவா கேம்பெல் வெளியிட்ட நடன இசைத் தொகுப்பில் இந்த மெட்டு இருக்கிறது. அதே கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஏர்ட் 1782-இல் கொண்டுவரத் தொடங்கிய தொகுப்பின் முதல் பாகத்திலும் இருக்கிறது. பெயரும் இதே பெயர்தான். இன்று கேட்பவருக்கும் ‘அட, இது அதுதானே’ என்று உடனே தெரியும். அதற்கும் முன்னாலேயே இது புழக்கத்தில் இருந்தது என்று சொல்வோர் உண்டு. இருந்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். அந்தக் காலத் தொகுப்பாளர்கள் ஏற்கெனவே ஊரில் ஆடிக்கொண்டிருந்ததைத்தான் பெரும்பாலும் அச்சுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அது என் ஊகம், கிளாஸ்கோ அச்சு சான்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இயற்றியவர் பெயர் அந்தத் தாள்களில் இல்லை. ஆகவே ‘ஸ்காட்லாந்து மெட்டு’ என்றவர் சொன்னதை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: ஸ்காட்லாந்தில் அச்சேறியது. அங்கேதான் பிறந்தது என்பதற்கு அச்சு சாட்சி சொல்லாது.

ஸ்காட்லாந்தில் இது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு இன்னொரு அருமையான சான்று உண்டு. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் பிச்சைக்காரர்களின் கூத்து ஒன்றைப் பாட்டாக எழுதினார். அவர் இறந்த பிறகு 1799-இல்தான் அச்சானது. அதில் முதலில் எழுந்து பாடுபவர் ஒரு கிழட்டுச் சிப்பாய். கியூபெக் போரைப் பார்த்தவர். ஜிப்ரால்டர் முற்றுகையில் ஒரு கையையும் ஒரு காலையும் விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பாட்டின் தலையில் பர்ன்ஸ் போட்டிருக்கும் குறிப்பு, மெட்டு: ‘சோல்ஜர்ஸ் ஜாய்’. நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ‘இன்ன வர்ணமெட்டு’ என்று போடுவார்களே, அதே வழக்கம்தான். ஸ்வரம் எழுதித் தர வேண்டிய அவசியமே இல்லை, பெயரைச் சொன்னால் போதும், எல்லோருக்கும் தெரியும் என்கிற தைரியத்தில் போடும் குறிப்பு அது. கை கால் இழந்தவன் வாயில் ‘சிப்பாயின் சந்தோஷம்’ என்ற மெட்டைக் கொடுத்த பர்ன்ஸின் மனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இங்கிலாந்தின் தெற்கிலும் இது வேரூன்றியிருந்தது. தாமஸ் ஹார்டி 1874-இல் வெளியிட்ட நாவலில், பண்ணைக்காரியை மணந்துகொண்டு வரும் சார்ஜென்ட் அறுவடை விருந்து நடத்தும் இரவில், அடுத்து எந்த ஆட்டம் என்று மணப்பெண்ணிடம் கேட்கும் ஃபிடில்காரர், எதுவானாலும் சரி என்று அவள் சொன்னதும், தானே இந்த மெட்டைத்தான் சொல்வார். சிப்பாய் மாப்பிள்ளை வந்த வீட்டில் வேறு எதை வாசிப்பது என்பது அவர் நியாயம். ஹார்டியும் அவர் தகப்பனாரும் ஊர் ஆட்டங்களுக்கு ஃபிடில் வாசித்தவர்கள். கேள்விப்பட்டு எழுதியது அல்ல, வில் பிடித்த கை எழுதியது.

இனி மார்ஃபின் கதை. உங்களை உறுத்துவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கதையின்படி 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் விஸ்கி, பீர், மார்ஃபின் மூன்றும் சேர்ந்த கலவைக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் இது, மெட்டுக்கும் அதனால்தான் அந்தப் பெயர். மெட்டின் பெயர் கிளாஸ்கோவில் 1782-க்குள் அச்சில் வந்துவிட்டது. அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் மருந்தாளர் ஃப்ரீட்ரிக் செர்டூர்னர். அது 1804-ஐ ஒட்டி. மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தும் ஊசி புழக்கத்துக்கு வந்தது 1850களில். மருந்து பிறக்கும் முன்னே பெயர் பிறந்துவிட்டது. ஆகவே மார்ஃபினால் இந்தப் பெயர் வந்தது என்பது நடக்கவே முடியாத காரியம். இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அதற்காகக் கதை முழுக்கப் பொய் என்றும் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்கத் தெற்கில் இந்த மெட்டுக்குக் கட்டிய வரிகளில் விஸ்கிக்கு இவ்வளவு, பீருக்கு இவ்வளவு, மார்ஃபினுக்கு இவ்வளவு என்று சென்ட் கணக்கில் விலை சொல்லும் அடி ஒன்று உண்மையிலேயே பாடப்படுகிறது. போருக்குப் பிறகு மார்ஃபின் பழக்கத்தில் சிக்கிய சிப்பாய்கள் இருந்ததும் உண்மை. எல்லோருக்கும் தெரிந்த மெட்டுப் பெயரை எடுத்து யாரோ அந்தப் போதைக்கு வைத்திருக்கலாம். அது நடக்கக்கூடியதுதான், அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். உங்கள் மகள் வாசிப்பது வரிகள் இல்லாத ஆட்ட மெட்டு. பெயர் அந்த மருந்தைவிட மூத்தது. தாராளமாக வாசிக்கட்டும்.

‘அப்படியானால் முதலில் எந்தச் சந்தோஷம்?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். சம்பள நாள், சாராயம், சமாதானம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதற்கும் ஆதாரம் கிடையாது. ஃபிடில்காரர்களுக்கு மெட்டின் பெயர் என்பது தூக்குச் சட்டியின் கைப்பிடி மாதிரி, எடுத்துக் கொடுக்க ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இதே மெட்டு ‘கிங்ஸ் ஹெட்’ என்றும் ‘பேடே இன் தி ஆர்மி’ என்றும் ‘லவ் சம்படி’ என்றும் பல பெயரில் உலவுகிறது. எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர் ‘லவ் சம்படி’ வாசிக்கலாமா என்று கேட்டு வில்லை வைத்தபோது, நான் புது மெட்டு என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டேன். நாலே அடியில் தெரிந்துவிட்டது, ப க ஸ க.

தாளில் ‘அமெரிக்க ஃபிடில் மெட்டு’ என்று போட்டிருப்பதைத் தவறு என்று அடித்துவிடாதீர்கள். மெட்டு கடல் கடந்து வந்ததுதான். ஆனால் இங்கே அதன் நடை மாறியது, அந்த மாற்றத்தை ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் மட்டும் செய்யவில்லை. அமெரிக்கத் தெற்கில் வெள்ளைக்காரர் வீட்டு நடனங்களுக்கு வாசித்த ஃபிடில்காரர்களில் ஏராளமானவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். ஃபிடிலோடு ஜோடி சேர்ந்த பேன்ஜோவின் மூலமும் ஆப்பிரிக்கா. பழைய ஸ்காட்லாந்து அச்சில் சமமாக நடக்கும் மெட்டு இங்கே அடிக்கு நடுவில் அழுத்தம் விழுந்து துள்ளுவதற்கு அந்தக் கைகள்தான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். 1942-இல் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் காங்கிரஸ் நூலகத்துக்காக நாஷ்வில்லில் ஒரு கறுப்பினக் குழுவின் வாசிப்பைப் பதிவு செய்தார்கள். சலவைப் பலகையைத் தாள வாத்தியமாக வைத்து வாசித்த குழு. அவர்கள் வாசித்தவற்றில் ‘சோல்ஜர்ஸ் ஜாய்’ உண்டு. தேடிக் கேளுங்கள். ‘ஸ்காட்லாந்தா, அமெரிக்காவா’ என்ற கேள்வியில் விடுபட்டுப் போனவர்கள் யார் என்று அதைக் கேட்டால் தெரியும்.

நீங்கள் கேட்ட ஆறு பதிவும் ஏன் ஆறு விதம் என்பதற்கு வருகிறேன். ஸ்வரத்தைவிட வில்லில்தான் பெரும்பாலான வித்தியாசம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் கனடாவின் கேப் பிரட்டன் தீவிலும் வில்லை வெட்டி வெட்டி, ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகத் தெறிக்கும்படி வாசிப்பார்கள். அயர்லாந்தில் கொஞ்சம் நிதானமாக, விரல் அலங்காரங்களோடு வரும். டெக்சாஸ் போட்டி மேடையில் ஒவ்வொரு சுற்றும் ஒரு புதுக் கற்பனை, கிட்டத்தட்ட நம் கல்பனாஸ்வரம் போல. அபலாச்சிய மலைப்பக்கத்தில் மெட்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும், வில் மட்டும் ஜதி சொல்லும். ஒரு நீளம், இரண்டு குறில்: ‘தாம் கிட, தாம் கிட’. இங்கே அதை ஷஃபிள் என்பார்கள். உங்கள் மகளின் தாளில் எல்லா ஸ்வரமும் ஒரே நீளத்தில் வரிசையாக நிற்கும், அதில் இந்தத் ‘தாம் கிட’ இருக்காது. தாளை மட்டும் பார்த்து வாசித்தால் சப்பென்று இருப்பது அதனால்தான், பிள்ளையின் குறை அல்ல.

இன்னொரு வித்தியாசம் சுருதி கூட்டுவதில். பள்ளியில் தந்திகள் ஜி, டி, ஏ, இ. மலைப்பக்க ஃபிடில்காரர்கள் டி மெட்டுகளுக்குக் கீழ்த் தந்தியை ஒரு ஸ்வரம் ஏற்றி ஏ, டி, ஏ, இ என்று வைத்துக்கொள்வார்கள். டி-யை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள்: கீழிருந்து பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம், மேல் ரிஷபம். முதல் மூன்றும் நம் வயலினில் மேல் மூன்று தந்திகள் நிற்கும் அதே ப, ஸ, ப. நான் முதல் தடவை இப்படிக் கூட்டி, பக்கத்துத் தந்தியையும் சேர்த்து இழுத்தபோது தம்புராவை மடியில் வைத்துக்கொண்டது போல இருந்தது. வட கரோலைனாவின் ரவுண்ட் பீக்கைச் சேர்ந்த டாமி ஜாரெல் (1901–1985) டி மெட்டுகளுக்கு இப்படித்தான் கூட்டுவார். அவருடைய வாசிப்பில் மெட்டும் சுருதியும் ஒன்றாகவே ஒலிக்கும். சில இடங்களில் காந்தாரம் பியானோவில் இருக்கும் காந்தாரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அபஸ்வரம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

1929-இல் அட்லாண்டாவில் கிட் டானரின் ஸ்கில்லெட் லிக்கர்ஸ் குழு கொலம்பியா கம்பெனிக்குக் கொடுத்த இசைத்தட்டைப் பலர் அசல் என்று காட்டுவார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஃபிடில்கள் ஒரே மெட்டில் முட்டி மோதிக்கொண்டு ஓடும் அந்த உற்சாகம் எனக்கும் உயிர். அந்தத் தட்டின் வழியாக இந்த வடிவம் பலர் காதுக்குப் போனது. ஆனாலும் அது கிளாஸ்கோ அச்சுக்கு நூற்றைம்பது வருஷம் பிந்தியது. கிளாஸ்கோ அச்சும் அன்று ஒரு தொகுப்பாளர் காதில் விழுந்த ஒரு பாடாந்தரம்தான். அதற்குப் பின்னால் ஒரு மூலப் பிரதி பெட்டியில் பத்திரமாக இருப்பதாக நினைக்காதீர்கள். தியாகராஜர் கிருதிக்கு உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்று சிஷ்ய பரம்பரை சொல்லி ஒரு மூலவரைப் போய்த் தொடலாம். இங்கே தொடுவதற்கு ஒரு மூலவர் இல்லை.

நோட்டுஸ்வரக் கேள்வி நல்ல கேள்வி. முத்துஸ்வாமி தீட்சிதர் குடும்பம் மணலியில் முதலியார் ஆதரவில் இருந்தபோது ஜார்ஜ் கோட்டை பேண்ட் இசையைக் கேட்டதாகவும், தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றதாகவும் வரலாறு சொல்லப்படுகிறது. அந்த இசையிலிருந்து எடுத்துக்கொண்ட மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். எல்லாம் சங்கராபரணம், ஸ்வரத்தை அசைக்கும் கமகம் கிடையாது. பல உருப்படிகள் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற நூலில் இருக்கின்றன. ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கில ராஜ கீதம் என்பது கேட்ட மாத்திரத்தில் தெரியும். ‘வந்தே மீனாக்ஷி’ என்பது ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற அயர்லாந்து ஆட்ட மெட்டு, மாலோ என்பது கார்க் மாவட்டத்து ஊர். இதுவரை அடையாளம் கண்டு சொல்லப்பட்ட மெட்டுகளில் ‘சோல்ஜர்ஸ் ஜாய்’ வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் காலமும் கூட்டமும் ஒன்றே. கிளாஸ்கோவில் அச்சாகிக்கொண்டிருந்த அதே வகை மெட்டுகளைக் கம்பெனிச் சிப்பாய்களும் பேண்டுகளும் சென்னைக்குத் தூக்கி வந்தார்கள். உங்கள் மகளுக்கு ‘வந்தே மீனாக்ஷி’ தெரிந்திருந்தால் இந்த மெட்டின் ஒன்றுவிட்ட அக்காளை அவள் ஏற்கெனவே வாசிக்கிறாள் என்று சொல்லுங்கள்.

வீட்டில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதற்கு என் பதில்: ஆறையும் கலக்க வேண்டாம், ஒருவரைப் பிடியுங்கள். நான் ஜாரெலைச் சொல்வேன். பதிவை முக்கால் வேகத்துக்குக் குறைத்து வைத்து, தாளை மூடிவிட்டு, முதல் வாரம் முதல் பகுதி மட்டும். இரண்டாவது வயலின் இருந்தால் அதில் கீழ்த் தந்தியை ஏ-க்கு மெதுவாக ஏற்றுங்கள், பள்ளி வயலினை அப்படியே விட்டுவிடுங்கள், மறுநாள் ஆர்க்கெஸ்ட்ராவில் சிக்கல் வரும். விரல் வைக்கும் முன் திறந்த டி தந்தியிலேயே ‘தாம் கிட, தாம் கிட’ என்று வில் மட்டும் ஓடட்டும். வாயால் சொல்லிக்கொண்டே இழுத்தால் இரண்டு நாளில் வந்துவிடும். உங்களுக்கும் ஒன்று, கர்நாடகக் கை காந்தாரத்தில் தானாக அசையும். எனக்கு அது அடங்க ஒரு வருஷம் ஆனது. விரலை நேராக வைத்து எடுங்கள். வில் ஓடத் தொடங்கியதும் மகளை வாசிக்கவிட்டு நீங்கள் நடுக்கூடத்தில் அந்த அடிக்கு நடந்து பாருங்கள். கால் தடுக்கினால் வேகம் தப்பு, குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.